720720: ஒன்று முதல் பதினாறு வரை மிச்சம் வைக்காத எண்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் குத்தகைக் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூலி மொத்தமாக வருகிறது. ஆளுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். இந்த மாதம் ஏழு பேர், அடுத்த மாதம் பதினொரு பேர். 1,000 ரிங்கிட்டை ஏழு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 142.85 போக ஐந்து சென் கையில் நிற்கும். பதினொரு பேர் என்றால் ஆளுக்கு 90.90 போகப் பத்து சென் நிற்கும். ஒருவர் முதல் பதினாறு பேர் வரை எத்தனை பேர் வந்தாலும் ஒரு சென்கூட நிற்காமல் பிரியும் தொகை உண்டா? உண்டு. அவற்றுள் மிகச் சிறியது 7,207 ரிங்கிட் 20 சென். சென் கணக்கில் 720,720.

இந்த எண்ணின் குணங்கள் எல்லாம் ஒரே வரியில் அடங்கியிருக்கின்றன:

720,720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

அந்த வரியைப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆறாம் ஆண்டு வகுத்தல் கணக்கிலிருந்து, கணித உலகம் இன்னும் தீர்க்காத ஒரு பெரிய கேள்வி வரைக்கும் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே போகலாம். முதலில் வகுத்துப் பார்ப்போம்.

1ஆல் வகுக்க 720,720
2ஆல் 360,360
3ஆல் 240,240
4ஆல் 180,180
5ஆல் 144,144
6ஆல் 120,120
7ஆல் 102,960
8ஆல் 90,090
9ஆல் 80,080
10ஆல் 72,072
11ஆல் 65,520
12ஆல் 60,060
13ஆல் 55,440
14ஆல் 51,480
15ஆல் 48,048
16ஆல் 45,045

எழுதி முடித்ததும் பதினாறு ஈவுகளையும் கூட்டிப் பாருங்கள். 2,436,559 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு வரியில் கை தவறியிருக்கிறது. இந்தக் கூட்டுத்தொகைக்கு வேறொரு பயனும் உண்டு. 1 + 1/2 + 1/3 என்று 1/16 வரை பின்னங்களைக் கூட்டச் சொன்னால் விடை 2,436,559/720,720. பதினாறு பின்னங்களுக்கும் பொதுவான பகுதி எண்ணாக வருவது நம் எண்தான். விடை சுமார் 3.38.

பட்டியலை இன்னொரு முறை மேலிருந்து கீழே பாருங்கள். பெரும்பாலான ஈவுகள் மூன்று இலக்கங்களை இருமுறை சொல்கின்றன: 240 240, 180 180, 144 144. 90,090 என்பதும் 090 090தான். முன்னால் நிற்கும் பூச்சியத்தை நாம் எழுதுவதில்லை. ஆனால் 7, 11, 13, 14 ஆகிய நான்கு இடங்களில் மட்டும் இந்த இரட்டை உருவம் கலைந்துவிடுகிறது. காரணம், 720,720 = 720 × 1,001. மூன்று இலக்க எண் எதையும் 1,001ஆல் பெருக்கினால் அது அப்படியே இருமுறை வரும். 720ஐ வகுக்கும் எண்ணால் வகுத்தால் 1,001 தொடப்படாமல் நிற்கும். அதனால் இரட்டை உருவமும் நிற்கும். 7, 11, 13 மூன்றும் 1,001க்குள் இருப்பவை; 7 × 11 × 13 = 1,001. 14 என்பது 2 × 7. இவற்றில் எதைக் கொண்டு வகுத்தாலும் 1,001 உடைகிறது.

கூலிக் கணக்கில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை அருகிலுள்ள ஐந்து சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. ஆகவே ஒரு சென் வரை சரியாகப் பிரிந்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவர் பங்கும் ஐந்து சென்னின் மடங்காக இருக்க வேண்டும். 7,207.20 ரிங்கிட்டைப் பிரித்தால் பதின்மூன்று எண்ணிக்கைகளுக்கு அப்படியே அமைகிறது. பதினாறு பேர் என்றால்கூட ஆளுக்கு 450.45. இடறுவது மூன்றே இடங்களில்: 5 பேருக்கு 1,441.44, 10 பேருக்கு 720.72, 15 பேருக்கு 480.48. மேலே உள்ள காரணி வரியில் 5 ஒரே ஒரு முறைதான் வருகிறது. ஆள் எண்ணிக்கை அந்த ஒரே 5ஐ எடுத்துக்கொண்டால் பங்கில் 5 மிஞ்சாது. தீர்வும் அந்த வரியிலேயே இருக்கிறது. இன்னொரு 5 சேர்த்தால் 3,603,600 சென், அதாவது 36,036 ரிங்கிட். ரொக்கமாக 1 முதல் 16 பேர் வரை தடங்கலின்றிப் பிரியும் மிகச் சிறிய தொகை அது.

1,001இன் பயன் இதோடு முடியவில்லை. 7, 11, 13 மூன்றாலும் ஓர் எண் வகுபடுமா என்பதை ஒரே சோதனையில் அறியலாம். எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரிக்க வேண்டும். வலக்கோடியில் இருக்கும் கூறிலிருந்து அடுத்ததைக் கழித்து, அதற்கு அடுத்ததைக் கூட்டி, இப்படியே மாறி மாறிச் செய்ய வேண்டும். வரும் விடை 7ஆல் வகுபட்டால் மூல எண்ணும் 7ஆல் வகுபடும்; 11க்கும் 13க்கும் அப்படியே. 1,000 என்பது 1,001ஐவிட ஒன்று குறைவு. அதனால் 1,001இன் மடங்குகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஆயிரம் என்பது −1 போல் நடந்துகொள்கிறது. குறி மாறி மாறி வருவது இதனால்தான்.

12,252,240 என்ற எண்ணைச் சோதிப்போம். 240 − 252 + 12 = 0. பூச்சியம் எதனாலும் வகுபடும். ஆகவே இந்த எண் 7, 11, 13 மூன்றாலும் வகுபடும். மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் பிரிக்கும் திசையில்தான். இதே எண்ணைக் காற்புள்ளி இல்லாமல் 12252240 என்று கொடுத்தால் இடப்பக்கத்திலிருந்து 122, 522, 40 என்று வெட்டிவிடுகிறார்கள். 40 − 522 + 122 = −360; அது 7ஆலும் வகுபடாது, 11ஆலும் வகுபடாது, 13ஆலும் வகுபடாது. விடை முற்றிலும் தலைகீழாகிவிடுகிறது. எண்ணைப் பார்த்ததும் வலமிருந்து காற்புள்ளி போட்டுவிட்டுச் சோதனையைத் தொடங்கினால் இந்தத் தவறு வராது.

720,720 என்ற எண் எப்படி உருவாகிறது என்பதே இதில் நான் அதிகம் ரசிக்கும் பகுதி. 1 முதல் 16 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு இது. பலருக்கு இதில் வரும் முதல் எண்ணம், எல்லாவற்றையும் பெருக்குவது. 1 × 2 × 3 என்று 16 வரை பெருக்கினால் 20,922,789,888,000 வரும். அதுவும் பொது மடங்குதான், ஆனால் மீச்சிறியதைப் போல் 29,030,400 மடங்கு பெரியது. தோட்டத்துக் கணக்கிலும் இதே தவறு நடக்கிறது. மூன்று வேலைகள் 10, 12, 15 நாளுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன; இன்று மூன்றும் ஒன்றாக நடந்தால் மறுபடி எப்போது ஒன்றாக நடக்கும் என்று கேட்டால், 10 × 12 × 15 = 1,800 நாள் என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை 60 நாள். 10க்குள் இருக்கும் 2 ஏற்கெனவே 12க்குள் இருக்கிறது. 15இல் இருக்கும் 3ம் 12இல் உண்டு, 5ம் 10இல் உண்டு. ஒரே காரணியைத் திரும்பத் திரும்ப எண்ணினால் விடை ஊதிப் பெருக்கிறது.

சரியான வழி, எண்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வருவது. ஒவ்வொரு முறையும், கையில் இருக்கும் எண்ணில் இல்லாத காரணி எது என்று மட்டும் கேட்க வேண்டும். 1இல் தொடங்கி 2க்கு 2, 3க்கு 6. 4 வரும்போது இன்னொரு 2 தேவை, 12. 5க்கு 60. 6 வரும்போது புதிதாக எதுவும் தேவையில்லை, 60 அப்படியே நிற்கிறது. 7க்கு 420, 8க்கு 840, 9க்கு 2,520. 10க்கு மாற்றமில்லை. 11க்கு 27,720. 12க்கு மாற்றமில்லை. 13க்கு 360,360. 14, 15 இரண்டும் வந்து போகின்றன, எண் அசையவில்லை. 16க்கு நான்காவது 2 தேவைப்படுகிறது, 720,720.

எண் எப்போதெல்லாம் வளர்கிறது என்று கவனியுங்கள். பகா எண் வரும்போது, அல்லது ஒரே பகா எண்ணின் அடுக்கு வரும்போது மட்டும்: 2, 3, 4, 5, 7, 8, 9, 11, 13, 16. அடுத்து வரும் 17 பகா எண். 720,720ஐ 17ஆல் வகுத்தால் 5 மிஞ்சும். அதனால் 17 பேருக்கும் பிரிய வேண்டுமானால் தொகையைப் பதினேழு மடங்காக்க வேண்டும். கிடைப்பது 12,252,240, சற்றுமுன் சோதித்த அதே எண். 17ஐத் தாண்டினால் வகுபடும் எண்கள் மறுபடியும் வருகின்றன. 18, 20, 21, 22, 24, 26, 28, 30 எல்லாம் 720,720ஐ மிச்சமின்றி வகுக்கும். முப்பதுக்குள் தடுப்பவை 17, 19, 23, 29 என்ற பகா எண்களும், 25, 27 என்ற அடுக்குகளும்தான். 24ஆல் வகுத்தால் 30,030 வருகிறது. 2 முதல் 13 வரையுள்ள ஆறு பகா எண்களையும் ஒவ்வொரு முறை பெருக்கினால் வருவது அதுதான்.

மொத்தம் எத்தனை காரணிகள்? காரணி வரியில் உள்ள அடுக்குகள் 4, 2, 1, 1, 1, 1. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. கூட்டும் அந்த ஒன்றை விட்டுவிட்டு 4 × 2 × 1 × 1 × 1 × 1 = 8 என்று எழுதுவது வகுப்பில் அடிக்கடி காணும் பிழை. ஒரு காரணியை உருவாக்கும்போது 2ஐ நான்கு முறை வரை எடுக்கலாம். ஒரு முறைகூட எடுக்காமலும் விடலாம். ஆக ஐந்து வாய்ப்புகள். அந்த 'எடுக்காமல் விடும்' வாய்ப்பை மறந்தால் 240 எட்டாகச் சுருங்கிவிடும்.

240 காரணிகளும் 120 ஜோடிகளாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய ஜோடி 840 × 858. 840 நிரை, நிரைக்கு 858 மரம் என்று நட்டால் சரியாக 720,720 மரங்கள். ஹெக்டருக்கு 136 செம்பனை என்ற வழக்கமான கணக்கில் அது ஏறத்தாழ 5,300 ஹெக்டர், மிகப் பெரிய தோட்டம்.

240 காரணிகள் என்பது எவ்வளவு அதிகம்? 720,720ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை 'உயர்பகு எண்' என்று சொல்லலாம். இந்த எண்களை ஆழமாக ஆராய்ந்தவர் இராமானுஜன். 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இதுபற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வெளிவந்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். இத்தகைய எண்களின் நீண்ட பட்டியல் ஒன்றையும் அதில் அவர் தந்தார். கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட பட்டியல். அதில் 293,318,625,600 என்ற ஓர் எண் விடுபட்டிருப்பது பின்னால் தெரியவந்தது.

720,720க்கு முந்தைய உயர்பகு எண் 665,280. அதற்கு 224 காரணிகள். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உள்ளே நடக்கும் போட்டி தெரியும். 720,720இலிருந்து 13ஐ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 12ஐ, அதாவது 2 × 2 × 3ஐ வைத்தால் 665,280 கிடைக்கிறது: 2⁶ × 3³ × 5 × 7 × 11. எண் கொஞ்சம் சிறுத்தது. காரணிகளோ 240இலிருந்து 7 × 4 × 2 × 2 × 2 = 224ஆகக் குறைந்தன. 13 என்ற புதிய பகா எண் காரணிகளை ஒரேயடியாக இரட்டிப்பாக்குகிறது. ஏற்கெனவே நான்கு 2 இருக்கும் இடத்தில் ஐந்தாவது 2 வந்தால் 5 வாய்ப்பு 6 ஆகிறது, அவ்வளவுதான். அதே சமயம் 2 மலிவு. எண்ணை இரு மடங்காக்குவதோடு நிற்கும். 13 பதின்மூன்று மடங்காக்கும். எதை எத்தனை முறை சேர்ப்பது என்பதுதான் முழுக் கேள்வியும்.

இராமானுஜன் இந்தக் கேள்விக்குத் துல்லியமான விதி ஒன்றைத் தந்தார். 0.265 போன்ற ஒரு சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகா எண்ணையும் அந்த அடுக்குக்கு உயர்த்துங்கள். வருவதிலிருந்து 1 கழித்து, 1ஐ அதனால் வகுத்து, தசமப் பகுதியை வெட்டிவிடுங்கள். மிஞ்சும் முழு எண்ணே அந்தப் பகா எண்ணின் அடுக்கு. எஸ்பிஎம் என்ற மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் மாணவரின் கால்குலேட்டர் இதற்குப் போதும்.

2ஐ 0.265 அடுக்குக்கு உயர்த்தினால் 1.2016, 1 ÷ 0.2016 = 4.96, வெட்டினால் 4. 3க்கு 1.338, 2.96; ஆக 2. 5க்கு 1.532, 1.88, ஆக 1. 7, 11 இரண்டுக்கும் 1. 13க்கு 1.973, 1.03, மயிரிழையில் 1. 17க்கு 2.119, 0.89, ஆக 0. அதற்கு மேலுள்ள பகா எண்கள் எல்லாம் 0. அடுக்குகள் 4, 2, 1, 1, 1, 1. நம் 720,720 அப்படியே வந்து நிற்கிறது.

இங்கே தசமத்தை வெட்டத்தான் வேண்டும், முழுமையாக்கக் கூடாது. 4.96ஐ 5 ஆக்கினால், 2.96ஐ 3 ஆக்கினால் வேறோர் எண் வந்துவிடும். தொடக்க எண்ணும் கொஞ்சம் நகர்ந்தால் விடை தாவிவிடும். 0.28 என்று எடுத்தால் 13 கழன்றுகொள்ள 55,440 வருகிறது. 0.26 என்று எடுத்தால் 2இன் அடுக்கு 5ஆகவும், 3இன் அடுக்கு 3ஆகவும் ஏறி 4,324,320 வருகிறது. 0.2631 முதல் 0.2702 வரை எதை எடுத்தாலும் கிடைப்பது 720,720தான். இந்த விதியில் அகப்படும் எண்கள் உயர்பகு எண்களிலும் மேலான ஒரு வகை. 665,280 இதில் ஒருபோதும் அகப்படாது. இந்த வகை எண்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு பகா எண்ணைப் பெருக்கியே ஏறுகின்றன: 5,040ஐ 11ஆல் பெருக்கினால் 55,440, அதை 13ஆல் பெருக்கினால் 720,720, அதை 2ஆல் பெருக்கினால் 1,441,440.

கடைசியாக, காரணிகளின் கூட்டுத்தொகை. 720,720இன் 240 காரணிகளையும் கூட்டினால் 3,249,792. ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் தனியாகக் கூட்டிப் பெருக்கினால் போதும்: 1 + 2 + 4 + 8 + 16 = 31; 1 + 3 + 9 = 13; பிறகு 6, 8, 12, 14. 31 × 13 × 6 × 8 × 12 × 14 = 3,249,792. இதை 720,720ஆல் வகுத்தால் 4.509.

இந்த 4.509க்குப் பின்னால்தான் ரீமான் கருதுகோள் நிற்கிறது. பகா எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைப் பற்றிய அந்தக் கருதுகோளை 1859இல் ரீமான் முன்வைத்தார். இன்றுவரை யாரும் நிறுவவில்லை, மறுக்கவும் இல்லை. 1984இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கி ரோபன், வேறொரு கூற்று அதற்குச் சரிசமமானது என்று நிறுவினார். ஓர் எண்ணின் இயல் மடக்கையை (கால்குலேட்டரின் 'எல்என்' பொத்தான் தருவது) எடுத்து, அந்த விடைக்கு மறுபடி இயல் மடக்கை எடுத்து, 1.78107ஆல் பெருக்குங்கள். அதை அந்த எண்ணின் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். 5,040ஐவிடப் பெரிய ஒவ்வோர் எண்ணுக்கும், காரணிக் கூட்டுத்தொகையை எண்ணால் வகுத்து வரும் விகிதம் அந்த வரம்புக்குக் கீழே இருந்தால் ரீமான் கருதுகோள் உண்மை. ஒரே ஓர் எண் வரம்பை எட்டிவிட்டாலும் பொய். இத்தகைய வரம்பு பற்றி இராமானுஜன் முன்பே எழுதியிருந்தார். ஆனால் போர்க்கால நெருக்கடியில் 1915 கட்டுரையிலிருந்து அந்தப் பகுதி விடுபட்டுப்போய், 1997இல்தான் அச்சேறியது.

நம் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 5,040க்கு விகிதம் 3.838, வரம்பு 3.817. வரம்பை மீறிவிட்டது. விதிவிலக்குகளில் கடைசி எண் இதுதான் என்பதே ரோபனின் கூற்று. 55,440க்கு விகிதம் 4.187, வரம்பு 4.258. 720,720க்கு விகிதம் 4.509, வரம்பு 4.634. 4,324,320க்கு விகிதம் 4.699, வரம்பு 4.856. வரம்புக்குக் கீழேதான் நிற்கின்றன. வரம்பை மீறும் எண் எங்காவது இருக்குமானால், காரணிகள் இப்படிக் குவிந்த எண்களுக்குள்தான் அதைத் தேட வேண்டும். சாதாரண எண்களின் விகிதம் இந்த உயரத்துக்கு அருகில்கூட வருவதில்லை.

கால்குலேட்டரில் இதைப் போடும் மாணவர் பொத்தானைக் கவனிக்க வேண்டும். தேவைப்படுவது இயல் மடக்கைக்கான 'எல்என்' பொத்தான். பத்தடிமான 'லாக்' பொத்தானை இருமுறை அழுத்தினால் 720,720க்கு வரம்பு 1.37 என்று வரும்; 4.509 அதைவிட மிகப் பெரியது, ஆகவே ரீமான் கருதுகோள் பொய் என்ற முடிவில் கொண்டுபோய் விடும். சரிபார்க்க எளிய வழி உண்டு: முதல் மடக்கைக்கு 13.488 வர வேண்டும், இரண்டாவதற்கு 2.602. முதல் விடை 5.858 என்று வந்தால் விரல் தவறான பொத்தானில் இருக்கிறது.